கேட்கக் காரணம் இருந்தால் பேச்சு வரும்: பாடப்புத்தகத்தைத் தாண்டிய ஆங்கில வகுப்பு

ஆங்கில வகுப்பில் ஆசிரியர் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை அவருக்கு முன்பே தெரியும். பென்சிலைத் தூக்கிக் காட்டி "வாட் இஸ் திஸ்?" என்கிறார். அவருக்கும் தெரியும், முன்பெஞ்சுக்கும் தெரியும், பின்பெஞ்சுக்கும் தெரியும். பாடத்தின் கடைசியில் இருக்கும் கேள்விகளும் இதே ரகம்தான். கேள்வியில் உள்ள இரண்டு சொற்களைப் பத்தியில் தேடினால் விடை வாக்கியம் சிக்கிவிடும். என்ன எழுதுகிறோம் என்று புரியாமலே அதை நோட்டில் எழுதி முழு மதிப்பெண் வாங்கலாம். இந்தப் பரிமாற்றத்தில் யாரும் யாருக்கும் எதையும் தெரிவிக்கவில்லை. வகுப்பு சலித்துப்போவதற்கு முதல் காரணம் இதுதான். படம் இல்லை, வீடியோ இல்லை, ஸ்மார்ட் போர்டு இல்லை என்பதெல்லாம் அப்புறம்.

இரண்டாவது காரணம் வெறும் கணக்கு. 45 நிமிடப் பாடவேளை, 40 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் 30 நிமிடம் பேசினால் மீதி 900 விநாடி. ஆளுக்கு 22 விநாடி சொச்சம் வரும். வருகைப் பதிவும் நோட்டு விநியோகமும் போக அதுவும் தேறாது. தேறுவதையும் எப்போதும் கை தூக்கும் ஐந்தாறு பேர் எடுத்துக்கொள்வார்கள். அதே வகுப்பை ஜோடி ஜோடியாகப் பத்து நிமிடம் பேச விட்டால் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் கிடைக்கிறது. இருபதே விநாடி எங்கே, முந்நூறு விநாடி எங்கே!

ஆனால் "ஜோடியாகப் பேசுங்கள்" என்று சொன்னவுடன் பேச்சு வந்துவிடாது. பேசுவதற்கு ஒரு காரணம் வேண்டும். வகுப்பைச் சுவாரஸ்யமாக்குவது என்பது கடைசியில் அந்தக் காரணத்தை உண்டாக்கும் வேலைதான்.

விளையாட்டு என்றாலே ஆங்கிலம் வந்துவிடுமா?

பாடப்புத்தகத்தை மூடி வைக்க நினைக்கும் ஆசிரியர் முதலில் கை வைப்பது விளையாட்டுகளில். எழுத்துக் கட்டத்துக்குள் சொல் தேடுவது, கலைந்த எழுத்துகளை அடுக்குவது, வண்ணம் தீட்டுவது, திரையில் பட்டனை அழுத்தும் வினாடி வினா. வகுப்பு கலகலக்கும், நேரம் போவதே தெரியாது. ஆனால் எழுத்துக் கட்டத்தில் சொல் தேடும் குழந்தைக்கு அந்தச் சொல்லின் பொருள் தேவைப்படுவதில்லை. எழுத்து வடிவத்தைக் கண் பொருத்திப் பார்க்கிறது, அவ்வளவுதான். அறவே தெரியாத ஒரு மொழியின் கட்டத்திலும் அதே வேகத்தில் சொற்களைக் கண்டுபிடித்துவிடலாம்.

எந்தச் செயல்பாட்டையும் வகுப்புக்குள் கொண்டுபோகும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால் போதும். ஆங்கிலம் இல்லாமல் இதை முடிக்க முடியுமா? மற்றவர் சொல்வதைக் காதில் வாங்காமலே இதை முடிக்க முடியுமா? இரண்டில் ஒன்றுக்கு "முடியும்" என்று பதில் வந்தாலும் அது பொழுதுபோக்கு. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு அதுவும் வேண்டியதுதான், தப்பில்லை. பாடம் நடத்தியதாக மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இந்தச் சிந்தனைக்கு உறுதியான அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய ஊர்களின் சில பள்ளிகளில் அவர் முன்னின்று நடத்திய முயற்சியைத்தான் உலகெங்கும் பெங்களூர்த் திட்டம் என்று குறிப்பிடுகிறார்கள். இலக்கண வரிசைப்படி பாடம் நடத்துவதை விட்டுவிட்டு ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துச் சிறு சிறு புதிர்களை மாணவர்கள் ஆங்கிலத்தில் தீர்த்தார்கள். பொருளில் கவனம் இருக்கும்போது இலக்கணம் தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் வாதம். தானாகவே முழுவதும் இறங்கிவிடுமா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அவர் செய்துவைத்த பாகுபாடு எந்த வகுப்புக்கும் பயன்படும். ஒருவரிடம் இருக்கும் தகவல் இன்னொருவரிடம் இல்லாதது தகவல் இடைவெளி. கையில் உள்ள தகவல்களைக் கொண்டு யோசித்துப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது சிந்தனை இடைவெளி. தன் விருப்பத்தையும் கருத்தையும் சொல்ல வேண்டியிருப்பது கருத்து இடைவெளி. பலரும் மூன்றாவதிலிருந்து தொடங்கி மாட்டிக்கொள்கிறார்கள். "ஃபோன் நல்லதா கெட்டதா, விவாதியுங்கள்" என்றதும் வகுப்பு உறைந்துபோகும். சொல்ல வேண்டிய கருத்தும் அதற்கான மொழியும் இரண்டுமே மாணவர் தலையில் விழுவதால் வரும் சிக்கல் இது. தகவல் இடைவெளியில் சொல்ல வேண்டியது தாளிலேயே இருக்கிறது, மொழியை மட்டும் தேடினால் போதும். அதனால் முதலில் அதுதான்.

ஒரு கால அட்டவணை, இரண்டு தாள்கள்

ஆறு ரயில்களுக்கான ஓர் அட்டவணையைத் தயார் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் போகும் ஊர், புறப்படும் நேரம், பிளாட்ஃபார எண், கட்டணம் என நான்கு கட்டங்கள். ஊர்ப் பெயர்களைத் தவிர மற்ற 18 கட்டங்களில் ஒன்பதை ஒரு தாளில் காலியாக விடுங்கள். அந்த ஒன்பதும் இன்னொரு தாளில் நிரம்பியிருக்க வேண்டும், மற்ற ஒன்பது அதில் காலியாக இருக்க வேண்டும். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஆளுக்கு ஆறு காலியிடம் போதும். பன்னிரண்டைத் தாண்டினால் பெரியவர்களுக்கே அலுத்துவிடும்.

தாளைக் கொடுப்பதற்கு முன்பே விதிகளைச் சொல்லிவிட வேண்டும். தாள் கைக்குப் போனபின் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. "புரிஞ்சுதா?" என்று கேட்பதும் வீண், ஒட்டுமொத்தமாகத் தலையாட்டுவார்கள். "உன் தாளைப் பக்கத்திலிருப்பவருக்குக் காட்டலாமா?", "நேரம் தெரியவில்லை என்றால் என்ன கேட்பாய்?" என்று இரண்டு பேரைக் கேட்டால் புரிந்ததா இல்லையா என்பது வெளிவந்துவிடும். பிறகு ஒரு ஜோடியை முன்னால் அழைத்து ஒரே ஒரு கட்டத்தை நிரப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும், பத்து நிமிடக் குழப்பம் மிச்சம்.

போர்டில் மூன்று கேள்விகள் இருக்கட்டும்: "வாட் டைம் டஸ் இட் லீவ்?", "விச் ப்ளாட்ஃபார்ம் டஸ் இட் லீவ் ஃப்ரம்?", "ஹவ் மச் இஸ் த டிக்கெட்?" இவற்றை வகுப்பு முழுவதும் இரண்டு மூன்று முறை சேர்ந்து சொல்லிப் பழகட்டும். இதைவிட முக்கியமான இன்னொரு தொகுப்பு இருக்கிறது, அதைப் பெரும்பாலும் மறந்துவிடுவோம்: "சாரி?", "கேன் யூ ஸே தட் அகெய்ன்?", "ஹவ் டு யூ ஸ்பெல் இட்?", "டிட் யூ ஸே ஃபிஃப்டீன் ஆர் ஃபிஃப்டி?" காதில் சரியாக விழாதபோது பேச்சைக் காப்பாற்றும் வாக்கியங்கள் இவைதான். இவை தெரியாத மாணவர் ஒன்று எட்டிப் பார்ப்பார், இல்லாவிட்டால் தாய்மொழிக்குத் தாவுவார். ஒரு சார்ட்டில் எழுதி வருடம் முழுவதும் சுவரில் தொங்கவிடலாம்.

ஜோடிகளை அருகருகே உட்கார வைக்காமல் முதுகோடு முதுகாகவோ நடுவில் ஒரு பையை நிறுத்தியோ உட்கார வையுங்கள். தாள் கண்ணில் படாது, முகமும் தெரியாது. சைகைக்கு வழியில்லாததால் எல்லாம் வாய்வழியாகத்தான் நடக்க வேண்டும்.

எண்களில்தான் முதல் தடுமாற்றம் வரும். தர்ட்டீனும் தர்ட்டியும், ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றுபோல் ஒலிக்கும். தனியாகச் சொல்லும்போது முதல் வகையில் அழுத்தம் கடைசி அசையில் விழுகிறது, இரண்டாவதில் முதல் அசையில். இரண்டு அசைக்கும் சமமாக அழுத்தம் கொடுத்துப் பேசினால் எதிரில் இருப்பவரால் பிரித்தறிய முடியாது. நிரப்பிய இரண்டு தாள்களையும் அருகில் வைத்துப் பார்க்கும்போது ஒன்றில் 30, இன்னொன்றில் 13 என்று இருப்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். உச்சரிப்பைச் சொல்லிக்கொடுக்க அதைவிடத் தோதான நேரம் கிடைக்காது. தேவை அப்போதுதான் கண்முன் நிற்கிறது.

சீக்கிரம் முடிக்கும் ஜோடிகளுக்கு அதே அட்டவணையிலிருந்து ஒரு சிந்தனைப் புதிர் கொடுங்கள்: "பதினொரு மணிக்குள் புறப்பட வேண்டும், கையில் இவ்வளவுதான் பணம், மூட்டை முடிச்சோடு படியேற முடியாது; எந்த ரயில்?" விடை ஒன்றுக்கு மேல் இருக்கும்படி அமைத்தால் காரணம் சொல்லித்தான் தீர வேண்டும். "பிகாஸ்" தானாக வரும்.

மொத்தத்தில் விளக்கத்துக்கு 5 நிமிடம், பேச்சுக்கு 12, ஒப்பிட்டுப் பார்க்க 5, தவறுகளை அலச 8. ஒரு பாடவேளைக்குள் தாராளமாக முடியும். தாள் தயாரிக்கும் வேலை முதல் முறை அரைமணி நேரம் தின்னும். ஆனால் தாளைச் சேதமில்லாமல் திரும்ப வாங்கி வைத்தால் பிளாஸ்டிக் உறையில் போட்டு வருடக்கணக்கில் ஓட்டலாம்.

ஓடிப்போய்ப் படித்து வந்து சொல்வது

டிக்டேஷன் என்றாலே பலருக்கு முகம் சுளிக்கும். அதையே ஓட்ட டிக்டேஷனாக மாற்றினால் வகுப்பில் அதிகம் எதிர்பார்க்கப்படும் நாளாக அது ஆகிவிடுகிறது. 60 முதல் 70 சொற்கள் கொண்ட ஒரு பத்தியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு நான்கு சுவர்களிலும் ஒவ்வொரு பிரதி ஒட்டுங்கள். 40 பேர் என்றால் 20 ஜோடி, ஒரு பிரதிக்கு ஐந்து ஓட்டக்காரர்கள் வருவார்கள். ஒரே ஒரு பிரதி ஒட்டிய வகுப்பில் நெரிசல்தான் மிஞ்சும். ஓடுபவர் பேனாவைத் தொடக்கூடாது, எழுதுபவர் எழுந்திருக்கக்கூடாது. ஓடுபவர் சுவருக்குப் போய்ப் படித்து, நினைவில் வைத்துக்கொண்டு வந்து, இணையின் காதருகே சொல்ல வேண்டும். பாதியில் ஆசிரியர் கை தட்டினால் வேலை மாறும்.

இதன் நுட்பம் வாக்கிய நீளத்தில் இருக்கிறது. நான்கைந்து சொல் வாக்கியத்தைப் பொருள் தெரியாமலேயே வாயில் முணுமுணுத்துக்கொண்டு வந்துவிடலாம். எட்டு முதல் பன்னிரண்டு சொற்கள் வரை இருந்தால் வெறும் ஓசையாகத் தாங்கிக்கொண்டு வர முடியாது. பொருள் பிடிபட்டு, "இன் த மிடில் ஆஃப் த நைட்" போன்ற தொடர்களை ஒரே துண்டாக மூளை கட்டிக்கொண்டால்தான் வந்து சேரும். இந்தக் கட்டும் பழக்கம்தான் பயிற்சியின் பலன், ஓட்டம் அதற்கு ஒரு சாக்கு.

ஓட்டக்காரர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லத் தொடங்கினால் பத்தி கடினமாகப் போய்விட்டது என்று பொருள். புதுச் சொற்கள் மூன்று நான்குக்கு மேல் இருக்க வேண்டாம். தூரத்திலிருந்தே கத்துவார்கள், கத்தினால் அந்த வாக்கியத்தை முதலிலிருந்து எழுத வேண்டும் என்று ஒரு விதி வைத்தால் அடங்கிவிடும். வேகத்துக்குப் பரிசு கொடுத்தால் கிறுக்கல்தான் வரும். முதலில் முடிப்பவருக்குப் பதில் பிழை குறைவாக எழுதிய ஜோடிக்குப் பரிசு என்பது சரி. கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது: அசல் பத்தியைக் கொடுத்து மாணவர்களே திருத்திப் பார்க்கும் நேரம் அது. விட்டுப்போனவற்றைப் பாருங்கள். பெரும்பாலும் "த", "அ", வினைச்சொல்லின் கடைசி "ஸ்", "எட்" ஆகியவைதான் காணாமல் போயிருக்கும். அடுத்த கிராமர் பாடம் என்னவென்று அந்தத் தாளே சொல்லிவிடுகிறது.

ஓட இடமில்லாத வகுப்புக்கு டிக்டோக்ளாஸ் பொருந்தும். ரூத் வைன்ரிப் 1990இல் விரிவாக எழுதிய முறை இது. நான்கைந்து வாக்கியங்களை இயல்பான வேகத்தில் ஆசிரியர் இரண்டு முறை வாசிக்கிறார். முதல் முறை பேனா கீழே. இரண்டாவது முறை முக்கியச் சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளலாம். பிறகு நான்கு நான்கு பேராகச் சேர்ந்து பத்தியைத் திரும்பக் கட்ட வேண்டும். "இங்கே வாஸ் வருமா, வேர் வருமா?" என்ற வாக்குவாதம் குழுவுக்குள் நடக்கும்போது மாணவர்கள் இலக்கணத்தைப் பற்றித் தாங்களாகவே பேசிக்கொள்கிறார்கள். கெஞ்சினாலும் மூன்றாவது முறை வாசிக்க வேண்டாம். வாசித்தால் அது பழைய டிக்டேஷனாகிவிடும்.

வீடியோவும் பாட்டும்

முழுப் படத்தைப் போட்டுவிட்டு மூலையில் உட்காருவது வகுப்பு ஆகாது. 60 முதல் 90 விநாடிக் காட்சி ஒன்று ஒரு பாடவேளைக்குப் போதும். முதல் முறை ஒலியை நிறுத்திவிட்டு ஓடவிட்டு, என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது முறை ஒலியோடு ஓடவிட்டு, ஊகம் சரிதானா என்பதை மட்டும் பார்க்கட்டும். மூன்றாவது முறைதான் நுணுக்கமான கேள்விகள். ஆங்கில எழுத்துவரி (சப்டைட்டில்) கடைசியில் வரட்டும். முதலிலேயே போட்டால் காது வேலைநிறுத்தம் செய்துவிடும், கண் மட்டும் படிக்கும்.

பாட்டு என்றால் விட்ட சொல்லை நிரப்பும் தாள் என்பது வழக்கமாகிவிட்டது. அதில் ஒரு வரிக்கு ஒரு காலியிடத்துக்கு மேல் வைத்தால் எழுதி முடிப்பதற்குள் அடுத்த வரி ஓடிவிடும். அழுத்திப் பாடப்படும் சொல்லையோ எதுகையில் விழும் சொல்லையோ எடுங்கள். விழுங்கிப் பாடப்படும் சிறு சொற்களை எடுத்தால் நல்ல காதுக்கும் கேட்காது.

ஒரே பேச்சு, குறையும் நேரம்

சரளத்துக்கு 4/3/2 என்று ஒரு பயிற்சி உண்டு. 1983இல் கீத் மாரிஸ் முன்வைத்தது, பின்னர் மொழிக் கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷனின் எழுத்துகளால் பரவியது. ஒரு மாணவர் தனக்கு நன்கு தெரிந்த ஒன்றைப் பற்றி இணையிடம் 4 நிமிடம் பேசுகிறார். இணை மாறுகிறது. அதே விஷயத்தைப் புதிய இணையிடம் 3 நிமிடத்தில். மீண்டும் இணை மாறி 2 நிமிடத்தில். பள்ளி மாணவர்களுக்கு 2 நிமிடம், ஒன்றரை, ஒன்று என்று குறைத்துக்கொள்ளலாம்.

என்ன சொல்வது என்ற யோசனை முதல் சுற்றிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டாவது சுற்றில் தேடல் குறைந்து சொற்கள் வேகமாக வருகின்றன, மூன்றாவதில் திக்கல் இன்னும் குறைகிறது. ஒவ்வொரு முறையும் கேட்பவர் புதியவர் என்பதால் திரும்பச் சொல்வது செயற்கையாகத் தோன்றாது. இணையை மாற்ற மறந்தால் பயிற்சியே செத்துவிடும். ஏற்கெனவே கேட்ட கதையை யார் கவனிப்பார்கள்? இன்னொரு பொறி, புதிய தலைப்பைக் கொடுப்பது. சரளம் என்பது தெரிந்ததை வேகமாகச் சொல்லும் திறன். தெரியாத சொற்களைத் தேடவைக்கும் தலைப்பில் அது வளராது. கையில் குறிப்புத் தாள் இருந்தால் வாசிப்பார்கள், எனவே ஒன்றரை நிமிட யோசனைக்குப் பிறகு தாள்கள் பைக்குள் போகட்டும். பேசும்போது ஆசிரியர் திருத்தக் கூடாது.

சொற்கள்

பாடப்புத்தகங்கள் சொற்களைக் குடும்பம் குடும்பமாகக் கற்பிக்கின்றன: பத்துப் பழம், பத்து நிறம், பத்து உடை. பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். ஆனால் 1990களில் தாமஸ் டிங்கம் செய்த சோதனைகளில், ஒரே வகையைச் சேர்ந்த புதுச் சொற்களை ஒன்றாகப் படித்தவர்களுக்கு அவற்றை மனத்தில் இருத்துவது தொடர்பில்லாத சொற்களைவிடக் கடினமாக இருந்தது. ஒன்று இன்னொன்றோடு குழம்பிவிடுகிறது. வலம், இடம் இரண்டையும் ஒரே நாளில் கற்ற குழந்தை மாதக்கணக்கில் மாற்றி மாற்றிச் சொல்வதை எல்லா ஆசிரியர்களும் பார்த்திருப்பார்கள். "ரைட்" நன்றாகப் பதிந்த பிறகு இரண்டு வாரம் கழித்து "லெஃப்ட்" வரட்டும். கதையிலோ ஒரு சம்பவத்திலோ இயல்பாகச் சேர்ந்து வரும் சொற்களை ஒன்றாகக் கற்பிக்கலாம்: தவளை, குளம், தாவு, பச்சை, வழுக்கு.

கற்றதை மறக்காமல் இருக்க, 1972இல் செபாஸ்டியன் லைட்னர் விளக்கிய அட்டைப் பெட்டி இன்றும் மலிவான, நல்ல கருவி. ஐந்து அறைகள். புதுச் சொல்லின் அட்டை முதல் அறையில். விடை சரியானால் அடுத்த அறைக்கு நகரும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை ஒரு நாள் விட்டு, மூன்றாவதை வாரம் ஒருமுறை, நான்காவதை இரு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். அட்டையில் தனிச் சொல்லை எழுதாமல் அது கூடவே கூட்டிவரும் சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். "டெசிஷன்" என்று மட்டும் எழுதிவைத்த மாணவர் "டூ அ டெசிஷன்" என்பார். "மேக் அ டெசிஷன்" என்று எழுதியவருக்கு அந்தச் சிக்கல் வராது. ஒரு நாளைக்கு ஐந்து முதல் எட்டு புது அட்டைகளுக்கு மேல் போனால் மூன்றாவது வாரத்தில் முதல் அறை பிதுங்கும், பெட்டி அலமாரிக்குப் போய்விடும்.

வாசிப்பிலும் அளவுதான் விஷயம். அகராதியின் துணையில்லாமல் ஒன்றைப் புரிந்து ரசித்துப் படிக்க, அதில் உள்ள சொற்களில் ஏறத்தாழ 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்பது பால் நேஷனும் உடன் ஆய்வாளர்களும் கண்டது. அதாவது 50 சொல்லுக்கு ஒன்று மட்டுமே தெரியாததாக இருக்கலாம். பாடப்புத்தகப் பத்திகளில் இதைவிடப் பல மடங்கு புதுச் சொற்கள் இருக்கும்; அவை உடைத்துப் பார்ப்பதற்காக எழுதப்பட்டவை. சொந்தமாக வாசிக்கத் தருவது அதைவிட ஒன்றிரண்டு படி கீழே இருக்க வேண்டும். மாணவருக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். வாரம் இரண்டு முறை 15 நிமிடம், அமைதியாக, அவரவர் எடுத்த புத்தகம். பிடிக்காததைப் பாதியில் மாற்றிக்கொள்ளலாம். படித்து முடித்ததும் கேள்வித்தாள் நீட்டினால் அடுத்த முறை மிக மெல்லிய புத்தகத்தைத் தேடி எடுப்பார்கள்.

சத்தம், தாய்மொழி, தவறு

ஜோடிப் பேச்சு தொடங்கினால் வகுப்பு இரையும். அதை அடக்க நினைக்க வேண்டாம், நிறுத்த ஒரு குறி மட்டும் வேண்டும். ஆசிரியர் கை உயர்த்தினால் பார்ப்பவர்களும் உயர்த்தி வாயை மூட வேண்டும் என்று பழக்கினால் 40 பேரும் சில விநாடிகளில் அடங்குவார்கள்.

தாய்மொழி நுழைவதற்கு வழக்கமாக இரண்டே காரணம். தேவையான வாக்கியம் மாணவரிடம் இல்லை. அல்லது முதலில் முடிக்கும் அவசரம். முதலாவதற்கு மருந்து போர்டில் இன்னும் இரண்டு வாக்கியம். இரண்டாவதற்கு மருந்து போட்டியை எடுத்துவிடுவது. அபராதம் வசூலித்தால் ஆங்கிலம் வராது, மௌனம் வரும். சிக்கலான ஆட்ட விதியை ஆசிரியரே அரை நிமிடம் தாய்மொழியில் சொல்லிவிடுவதில் குற்றமில்லை. ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் விளக்கி யாருக்கும் புரியாமல் போவதைவிட அது மேல்.

மேரி பட் ரோ என்ற கல்வியாளர் அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிக்கு மேல் காத்திருக்கவில்லை என்பது தெரியவந்தது. மூன்று விநாடியாவது காத்திருந்த வகுப்புகளில் விடைகள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். அன்னிய மொழியில் வாக்கியத்தைக் கட்ட இன்னும் கூடுதல் நேரம் தேவை. மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அசௌகரியமாகத்தான் இருக்கும்.

தவறைத் திருத்துவதில் இருக்கும் குழப்பத்துக்கும் ஓர் ஆய்வு வெளிச்சம் தருகிறது. கனடாவில் பிரெஞ்சு கற்பிக்கும் வகுப்புகளை ஆராய்ந்து லிஸ்டரும் ராண்டாவும் 1997இல் வெளியிட்டது அது. ஆசிரியர்கள் பாதிக்கும் மேற்பட்ட தடவை கையாண்ட முறை, மாணவர் தப்பாகச் சொன்னதைத் தாங்களே சரியாகத் திருப்பிச் சொல்வது. "ஹீ கோ டு ஸ்கூல்" என்றால் "யெஸ், ஹீ கோஸ் டு ஸ்கூல்" என்பது போல. அதற்கு மாணவர்கள் ஏதாவது எதிர்வினை காட்டியது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆசிரியர் ஆமோதிக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். "ஹீ...?" என்று நிறுத்தி அவரையே முடிக்க விட்டால் கவனம் தவறான இடத்துக்குப் போகிறது. கிராமர் பயிற்சியில் இப்படி உடனே நிறுத்தலாம். சரளப் பயிற்சியில் நிறுத்தக் கூடாது. அங்கே ஆசிரியர் ஒரு தாளோடு சுற்றிவந்து காதில் விழும் வாக்கியங்களைக் குறித்துக்கொள்ளட்டும். முடிவில் ஆறு வாக்கியங்களைப் பெயர் சொல்லாமல் போர்டில் எழுத வேண்டும். நான்கு தப்பானவை, இரண்டு மிகச் சரியானவை. எது சரி, எது தப்பு என்று ஜோடிகள் முடிவு செய்யட்டும். அந்த இரண்டு சரியான வாக்கியங்களைச் சேர்ப்பதால்தான் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு அடிக்க முடியாமல் போகிறது.

புத்தகத்தையே பிரித்துப் போடுவது

பாடத்திட்டமும் தேர்வும் இருக்கும்வரை புத்தகத்தை விட முடியாது. விடவும் வேண்டாம். அதில் இருக்கும் பக்கத்திலேயே இடைவெளியை உண்டாக்கலாம். ஆறு பத்திப் பாடத்தை நான்காகப் பிரித்து நான்கு பேர் குழுவில் ஆளுக்கு ஒன்று கொடுங்கள். ஒரே துண்டைப் படித்தவர்கள் முதலில் ஒன்றுகூடிப் புரிந்துகொள்ள வேண்டும், பிறகு தங்கள் குழுவுக்குத் திரும்பிப் புத்தகம் மூடியபடி சொல்ல வேண்டும். எலியட் அரன்சன் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தொடங்கிய ஜிக்சா முறை இதுதான். முதல் சந்திப்பைத் தவிர்த்துவிட்டால், புரியாமல் படித்த ஒருவர் மற்ற மூவரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடுவார். உரையாடல் பாடம் என்றால் ஒருவருடைய வரிகளை மறைத்துவிட்டு, மீதி வரிகளைக் கொண்டு அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எழுதச் சொல்லலாம். பாடக் கேள்விகளைப் பத்தியைப் படிக்கும் முன்பே கொடுத்து விடைகளை ஊகிக்க வைக்கலாம். பிறகு படிப்பது, தன் ஊகம் பலித்ததா என்று பார்ப்பதற்காக. இதற்கெல்லாம் ஒரு ஜெராக்ஸ்கூடத் தேவையில்லை.

மிஞ்சுவது மதிப்பெண். எழுத்துத் தேர்வில் மட்டும் மதிப்பெண் இருந்தால் பேச்சுப் பயிற்சியை விளையாட்டு நேரமாகத்தான் மாணவர்கள் நினைப்பார்கள். 40 பேரையும் தனித்தனியே அழைத்துப் பேச வைக்க நேரம் இருக்காது. ஒவ்வொரு ஜோடிப் பயிற்சியிலும் நான்கு பேரை மட்டும் தேர்ந்தெடுத்து, அவர்களுக்குத் தெரியாமல் கவனியுங்கள். எதிரில் இருப்பவருக்குப் புரிந்ததா, கேள்வி கேட்டாரா, தடுமாறியபோது ஆங்கிலத்திலேயே சமாளித்தாரா என்று மூன்றே கட்டம் உள்ள ஒரு தாள், ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. பத்து வகுப்பில் எல்லோரும் ஒரு சுற்று வந்துவிடுவார்கள். இலக்கணப் பிழைக்கு இந்தத் தாளில் கட்டம் கிடையாது. அதற்கு எழுத்துத் தேர்வு இருக்கிறது.